உழுது வித்திடுதல்: இடிந்த கடற்கரைக் கோட்டைகள் சில

சென்ற ஆண்டு எம் வகுப்பில் புறப்பொருள் வெண்பாமாலையின் உழிஞைப் படலம் பாடமாக நடந்துகொண்டிருந்தது. மதில் முற்றுதல், அகழி கடத்தல், ஏணி சார்த்துதல் எனத் துறைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றுகொண்டிருக்கையில், எம் ஆசிரியர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "உங்களுள் மதில் ஒன்றனை அருகிற் சென்று கண்டவர் எத்தனை பேர்?" என வினவினார். யான் ஆரணியிற் பிறந்தவன். எங்களூரில் கோட்டை உண்டு. ஆதலின் தயங்காது கையை உயர்த்தினேன். "நன்று. நும் கோட்டையின் மதில் எத்துணை உயரம்? அகழி எத்துணை அகலம்? அதனை இடித்தவர் யார்?" என்று அவர் அடுக்கிக் கேட்டார். மூன்றற்கும் எனக்கு விடை தெரியவில்லை. வகுப்பு நகைத்தது, யானும் உடன் நகைத்தேன் எனினும், அன்று மாலை விடுதியில் உணவு செல்லவில்லை.

எங்களூரிற் 'கோட்டை' என்பது இப்போது ஒரு திசையின் பெயராகவே வழங்குகின்றது. "கோட்டைப் பக்கம் போய் வருகிறேன்" என்பார் எவரும் மதிலைக் கருதிச் சொல்வதில்லை. கைலாசநாதர் கோயில் அங்கே உளது. மதிலென்று சொல்லத்தக்கது பெரிதும் மறைந்து, மேடும் பள்ளமுமாகவே பழைய எல்லை தெரிகின்றது. ஊரின் பெயர்க்கே 'ஆறு அணி' எனக் கமண்டல நாகநதியைச் சுட்டிப் பொருள் கூறுவாரும், 'ஆரணியம்' எனக் காட்டைச் சுட்டுவாரும் உளர். 'அரண்' என்னும் சொல்லோடு இணைத்துக் கூறினால் எனக்கு மகிழ்ச்சியே. ஆயினும் மகிழ்ச்சி சொல்லாராய்ச்சிக்குச் சான்றாகாது.

ஆசிரியர் வினாவிய மூன்றாம் வினாவே என்னை நெடுந்தூரம் இழுத்துச் சென்றது. இடித்தவர் யார்? கருநாடகப் போர்களின் வரலாற்றைப் புரட்டிய அளவில், ஆரணியின் செய்தி ஆரணியில் முடியவில்லை; அது கடற்கரைக்குச் சென்றது. எங்ஙனமெனிற் கூறுவேன்.

1782-ஆம் ஆண்டில் ஐதர் அலியின் உணவும் படைக்கலமும் பெருவாரியாகச் சேமித்து வைக்கப்பட்டிருந்த இடம் ஆரணிக் கோட்டையாகும். அதனைக் கைப்பற்றுவான் கருதி ஆங்கிலப் படைத்தலைவர் ஐர் கூட் என்பார் சென்னையிலிருந்து படையொடு வந்தனர். ஐதர் தம் களஞ்சியத்தைக் காக்க விரைந்து வந்தார். ஜூன் 2-ஆம் நாள் ஆரணிக்கருகே போர் நிகழ்ந்தது. களத்தில் மேம்பட்டவர் கூட். எனினும் கோட்டை அவர் கைக்கு எட்டவில்லை. ஐதரின் மைந்தர் திப்பு இதற்குள் கோட்டைக்கு வலுவூட்டிவிட்டனர். கூட்டின் படைக்கோ அரிசியுமில்லை, பொதி சுமக்க எருதுமில்லை. வென்றவர் பசியால் திரும்பினார். வெல்லப்பட்டவர் மதிலுக்குள் சோறுண்டார். நொச்சிப் படலம் பாடிய புலவர் இதனைக் கண்டிருப்பின் பெரிதும் உவந்திருப்பர்.

கூட்டின் படைக்கு உணவு எங்கிருந்து வரவேண்டும்? சென்னையிலிருந்து, சென்னைக்கோ கடல் வழியாக. ஐதருக்குத் துணைப்படை எங்கிருந்து வந்தது? அதுவும் கடல் வழியாகவே. அவ்வாண்டு பிப்பிரவரி 17-ஆம் நாள் சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே கடலில் பிரெஞ்சுக் கப்பற்றலைவர் சுப்ரேன் என்பாரும் ஆங்கிலக் கப்பற்றலைவர் ஹியூஸ் என்பாரும் பொருதனர். வெற்றி தோல்வி முடிவாகவில்லை. பின்னர் சுப்ரேன் தாம் கொணர்ந்த படையைப் பரங்கிப்பேட்டையில் இறக்கினர். அப்படை ஐதர் பக்கம் சேர்ந்தது. ஆகவே ஆரணி வயல்களில் நிகழ்ந்தது உண்மையிற் கடற்கரைப் போரின் உட்கிளையே என்க. கடற்கரைக் கோட்டைகளைக் காணாது ஆரணிக் கோட்டையை அறிதல் இயலாது என்னும் முடிவுக்கு வந்தேன். விடுமுறையில் தோழர் இருவரும் யானும், ஓர் அளவுநாடாவும் குறிப்பேடும் கட்டுச்சோறும் கொண்டு புறப்பட்டோம்.

வந்தவாசி வழியே சென்றோமாதலின், அவ்வூரைப் பற்றி ஒரு சொல். 1760-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஆம் நாள் இதே கூட், பிரெஞ்சுப் படைத்தலைவர் லாலி என்பாரை அங்கே முறியடித்தனர். தென்னாட்டில் பிரெஞ்சியர் ஆட்சி ஓங்குமா ஆங்கிலேயர் ஆட்சி ஓங்குமா என்பது அன்றே பெரும்பான்மையும் தீர்ந்தது என்பர். நாங்கள் அங்கே பேருந்து மாறுவதற்கு நின்ற நேரமே நின்றோம். கீழே வரும் செய்திகளில் கூட், லாலி என்னும் இவ்விருவர் பெயரும் மீண்டும் மீண்டும் வருதலின், படிப்போர் நினைவிற் கொள்க.

முதலிற் கண்டது கடப்பாக்கத்தையடுத்த ஆலம்பரைக் கோட்டை. முகலாயர் ஆட்சியின் பிற்பகுதியில், 1736-ஆம் ஆண்டையொட்டி எழுந்ததென்பர். 1750-இல் முசாபர் ஜங்கு என்பார் இதனைப் புதுச்சேரி ஆளுநர் துப்ளேக்கு நன்றிக்கொடையாக அளித்தனர். இங்கே துறைமுகம் இருந்தது. நாணயம் அடிக்கும் அக்கசாலையும் இருந்தது. ஆலம்பரைக் காசு என்று பெயர் பெற்ற காசுகள் உண்டு. வந்தவாசிப் போரின்பின், அதே 1760-இல் ஆங்கிலேயர் இதனைக் கைப்பற்றி இடித்தனர்.

உப்பங்கழியின் கரையில் நிற்கின்றது அது. நிற்கின்றது என்பதினும் கிடக்கின்றது என்பதே பொருந்தும். கழிக்கு அப்பால் மணற்றிட்டு; அதற்கப்பால் கடல். செங்கல்லும் சுண்ணச்சாந்தும் கொண்டு கட்டிய மதில் நிலத்தின் பக்கம் இடையிடையே எழுந்து நிற்க, நீரின் பக்கம் பெருந்துண்டங்களாகச் சாய்ந்து கிடக்கின்றது. செங்கல் ஒவ்வொன்றும் மெல்லியது; நம் காலத்துச் செங்கல்லின் பாதிக் கனமே இருக்கும். சாந்தில் கிளிஞ்சற் சிதறல்கள் தென்பட்டன. இவ்வளவு மெல்லிய செங்கல்லா பீரங்கியைத் தாங்கிற்று என்று தோழரொருவர் வியந்தார். அவ்வியப்பே எங்கள் ஆராய்ச்சிக்குத் தொடக்கமாயிற்று.

ஈண்டுத் திருக்குறளின் அரண் என்னும் அதிகாரத்தை நினைத்தல் வேண்டும். அரணுக்குரிய இயல்புகளாக வள்ளுவர் உயர்ச்சி, அகலம், திண்மை, பகைவரால் அணுகற்கருமை என நான்கனைக் கூறுகின்றார். அம்பும் ஏணியும் யானையும் கொண்டு பொருத காலத்தில் இந்நான்கும் ஒருங்கே வேண்டப்பட்டன. பீரங்கி வந்தபின் முதலாவது குணமே குற்றமாயிற்று. உயர்ந்த மதில் தொலைவிலிருந்தே நன்கு தெரியும். அதன் அடியிற் சில குண்டுகள் பாய்ந்தால் மேற்பாரம் அதனைத் தானே கவிழ்த்துவிடும். ஆகவே ஐரோப்பியர் மதிலைத் தாழ்த்தி, தடிப்பித்து, உள்ளே மண்ணை நிரப்பி, மூலைகளிற் கூர்முனையுடைய கொத்தளங்களை நீட்டினர். ஒரு கொத்தளத்தின் அடியிற் பகைவர் ஒளிந்தால் பக்கத்துக் கொத்தளத்திலிருந்து சுட இயலும் என்பது அதன் உட்கருத்து. கருங்கல் குண்டுபட்டாற் சிதறும்; சிதறிய சில்லு காவல்வீரரையே கொல்லும். செங்கல்லோ குண்டை உள்வாங்கிக்கொண்டு நொறுங்கி நிற்கும். மெல்லிய செங்கல்லை ஏளனஞ் செய்த தோழர் அதன்பின் அதனை மரியாதையோடு அளந்தார்.

இனி, இடிந்த சுவரை எங்ஙனம் படிப்பது என்பதை யாங்கள் அறிந்த அளவிற் கூறுவேன். எம் இளைய மாணவர்க்கு இது பயன்படலாம். மதிலுக்குப் பகை நான்கு. பீரங்கி ஒன்று. அது மதிலின் ஓரிடத்தையே, பெரும்பாலும் அதன் கீழ்ப்பகுதியையே, நாள்தோறும் தாக்கும். மேற்பகுதி முன்புறமாகச் சரிந்து அகழியை நிரப்பும். அந்தச் சரிவே பகைவர் ஏறிவரும் பாதையாகும். எனவே பீரங்கி செய்த அழிவு குறுகியது. ஒரு வாயில் போன்றது. அதன் இருமருங்கும் மதில் நலமாக நிற்கும். இரண்டாவது, கோட்டை விழுந்தபின் வென்றவர் அடியிற் குடைந்து வைக்கும் வெடிமருந்து. அது சாந்தோடு ஒட்டியபடியே பெருந்துண்டங்களைப் பெயர்த்துத் தள்ளும். ஒரு பக்கம் மட்டுமன்றிக் கொத்தளந்தோறும் அவ்வடையாளம் காணப்படும். மூன்றாவது கடப்பாரை. அதன் அழிவு ஒழுங்கானது. வெளிமுகத்து நல்ல செங்கல்லும் கல்லும் வரிசை வரிசையாகக் காணாமற் போயிருக்கும். உள்ளே நிரப்பிய மண்ணும் சல்லியுமே எலும்புக்கூடு போல் எஞ்சும். நான்காவது கடல். அது அடிமணலை அரித்தெடுக்கும். மதில் உடையாமலே முழுச்சுவராகக் கடலை நோக்கித் தலைசாயும்.

இந்நூலறிவோடு ஆலம்பரையைச் சுற்றிவந்தோம். வாயில் போன்ற குறுகிய உடைப்பு எதனையும் எங்கள் கண்ணால் துணிய முடியவில்லை. பெயர்ந்து விழுந்த துண்டங்கள் பல. கழியின் பக்கம் சாய்ந்தவை பல. அவற்றுள் 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை செய்தவையும் உண்டு. எல்லாவற்றினும் மிகுதி ஒழுங்காகக் காணாமற்போன செங்கல் வரிசைகள்.

அருகே வலை செப்பனிட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்களை நெடுநேரம் பார்த்திருந்து, "என்ன தம்பி, நாடா வச்சு அளக்கிறீங்க? மறுபடியும் கட்டப் போறாங்களா?" என்றார். கட்டுவதற்கன்று, படிப்பதற்கு என்றோம். செங்கல்லெல்லாம் எங்கே போயிற்று ஐயா என்று வினவியபோது அவர் சிறிதும் கூசாமல், "எங்கே போகும்? பக்கத்து ஊருல எந்த அடுப்படியைத் தோண்டினாலும் இருக்கும்" என்றார். பிறகு எங்கள் முகத்தைக் கண்டு, "கெடக்குறதைத்தான் எடுத்தாங்க. நிக்குறதை யாரும் இடிக்கலை" என்று சேர்த்துக்கொண்டார். அதனை அவ்வளவாக நம்ப முடியவில்லை. எனினும் அவர் தந்த நுங்கு இனிதாயிருந்தமையின் வாதிடவில்லை.

அங்கிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே சென்று சதுரங்கப்பட்டினத்தை அடைந்தோம். கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் அண்மையில் ஒல்லாந்தர் கட்டிய செங்கற்கோட்டை இது. தொல்பொருள் துறையினர் காத்து வருதலின் வாயிலும் மதிலும் ஒழுங்காக உள்ளன. வாயிலில் இரு பீரங்கிகள் கிடத்தப்பட்டுள்ளன. உள்ளே செல்வோர் முதலிற் காண்பது படைவீடன்று, நீண்ட பண்டகசாலைகளே. யாம் நெடுநேரம் நின்றது அவ்விடத்தில்தான். ஒல்லாந்தர் இக்கரைக்கு வந்தது மண்ணாள அன்று, துணி வாங்க. சோழமண்டலக் கரையின் துணியைக் கொடுத்துக் கிழக்கிந்தியத் தீவுகளில் மிளகும் கிராம்பும் சாதிக்காயும் வாங்கினர். தீவில் வாழ்வார் வெள்ளியினும் நம் துணியையே விரும்பினர் என்பர். சதுரங்கப்பட்டினத்து மெல்லிய துகில் அக்காலத்திற் பேர்பெற்றது. ஆகவே இக்கோட்டையின் மதில் காத்தது அரசனை அன்று, மூட்டைகளை.

யான் நெசவுக் குடியிற் பிறந்தவன். எங்கள் ஆரணி இன்று பட்டுக்குப் பெயர் பெற்றது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நூல்களோ ஆரணியை மெல்லிய பருத்தித் துகிலுக்கே புகழ்கின்றன. ஆனந்தரங்கப்பிள்ளை என்னும் புதுச்சேரித் துபாஷியார், ஆரணிக்கு அண்மையிலுள்ள ஆர்க்காட்டிலும் லாலாப்பேட்டையிலும் வணிக நிலையங்கள் வைத்திருந்தனர். அவர் 1736-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்திலிருந்து தமிழில் எழுதிவந்த நாட்குறிப்பு, போர்ச் செய்திக்கும் துணிவணிகத்துக்கும் ஒருங்கே கருவூலமாகும். தமிழ் உரைநடை வரலாறு பயில்வோர் அதனை இலக்கியமன்று என்று ஒதுக்குதல் தகாது. பீரங்கி முழக்கத்தினிடையே கணக்குத் தவறாது எழுதிய கை அது. உள்நாட்டுத் தறியிலிருந்து தரகர் கைமாறித் துணி வண்டியேறிக் கடற்கரைப் பண்டகசாலையை அடைந்த வழி அதனாற் புலப்படும். சதுரங்கப்பட்டினத்து வெற்றுப் பண்டகசாலையின் குளிர்ந்த தரையில் நின்றபோது, எங்கள் தெருவிற் போலப் பாவின் கஞ்சிமணம் வீசுமோ என்று ஒரு கணம் மூச்சை இழுத்துப் பார்த்தேன். வௌவால் நாற்றமே வந்தது.

இங்கே 1754-ஆம் ஆண்டு ஜனவரியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சியரும் சமாதானம் பேசக் கூடினர். பேச்சு பயனின்றி முடிந்தது. 1781-இல் ஆங்கிலேயர் இதனைக் கைப்பற்றினர். காரணம் நம் நாட்டில் இல்லை. அமெரிக்காவிலிருந்த ஆங்கிலக் குடியேற்றங்கள் தம் அரசுக்கு எதிராக எழுந்தபோது ஒல்லாந்த வணிகர் அவர்களுக்குப் பொருள் விற்று உதவினர். அதனால் 1780-இன் இறுதியில் இங்கிலாந்து ஒல்லாந்தின்மீது போர் தொடுத்தது. அதன் பயனாகச் சதுரங்கப்பட்டினத்து மதில் அடுத்த ஆண்டு அடிபட்டது. இறுதியாக 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இவ்வூர் ஆங்கிலேயர்க்கே உரியதாயிற்று. கோட்டைக்குள் ஒல்லாந்தர் கல்லறைகள் உள. கருங்கற் பலகையில் கப்பலும் குலச்சின்னமும் எழுத்தும் மிக நேர்த்தியாகப் பொறிக்கப்பட்டுள்ளன. எழுத்தைப் படிக்க இயலாவிடினும் ஆண்டுகளைப் படித்தோம். பிறப்புக்கும் இறப்புக்கும் இடையே பல கல்லில் சில ஆண்டுகளே இருந்தன.

மூன்றாவது, கடலூரையடுத்த தேவனாம்பட்டினம். ஆங்கிலேயர் புனித தாவீது கோட்டை என்று பெயரிட்டது இதனையே. 1690-இல் மராட்டியரிடமிருந்து ஆங்கிலக் கும்பினியார் இதனை விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து ஒரு பெரும் பீரங்கியை நாற்றிசையும் சுட்டு, குண்டு சென்று விழும் எல்லைக்குட்பட்ட நிலம் முழுவதும் தமக்கே என்று ஒப்பந்தஞ் செய்துகொண்டனராம். அவ்வூர்களைக் குண்டுக் கிராமங்கள் என வழங்குவர். தறியில் அமர்ந்திருந்த ஒருவன் தலைக்குமேல் குண்டு பறந்தது கேட்டு நிமிர்ந்து பார்த்த அக்கணமே அவன் ஆட்சியாளர் மாறிப்போயினர். இதனை வேடிக்கைச் செய்தியாக வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. எனக்கு அவ்வளவாக வேடிக்கை தோன்றவில்லை.

1746-இல் பிரெஞ்சியர் சென்னையைக் கைப்பற்றியபோது சில ஆண்டுகள் இதுவே இக்கரையில் ஆங்கிலேயர்க்குத் தலைமை இடமாயிருந்தது. அத்துணைச் சிறப்புடைய கோட்டை 1758-ஆம் ஆண்டு லாலியின் முற்றுகைக்கு ஒரு திங்களளவே தாங்கி, ஜூன் 2-ஆம் நாள் பணிந்தது. (ஆரணிப் போரும் ஜூன் 2 என்பதை முன்னே கூறினேன். இடையே 24 ஆண்டுகள். தற்செயலே, எனினும் குறிப்பேட்டில் இரண்டும் அருகருகே வந்தபோது மூவரும் பார்த்துக்கொண்டோம்.) எல்லாச் சிறப்பும் உடைத்தாயினும், வினை செய்வார் உள்ளே இல்லாத அரண் அரணன்று என வள்ளுவர் அவ்வதிகாரத்தை முடித்திருப்பதை ஈண்டு நினைக்க. வென்ற லாலி அங்கே தங்கவில்லை. மதிலைத் தகர்க்கச் செய்தனர். பிறகு சென்னையை நோக்கிச் சென்றனர்.

தேவனாம்பட்டினத்தில் யாங்கள் அளப்பதற்கு அதிகம் இல்லை. கெடிலம் கடலோடு கலக்கும் பாங்கரில், மரமும் கொடியும் மூடிய செங்கற் பிழம்புகள் சில; பின்னாளிற் கட்டிய கட்டடம்; மற்றவை மணல். அங்கேதான் எம் ஆசிரியர் நடத்திய படலம் எனக்கு முழுதும் விளங்கிற்று.

உழிஞைப் படலத்தில் 'உழுது வித்திடுதல்' என்றொரு துறை உண்டு. பகைவரது மதிலை வென்ற மன்னன் அதனை இடித்துத் தள்ளி, அவ்விடத்தைக் கழுதை பூட்டிய ஏரால் உழுவித்து, கொள்ளும் வரகும் விதைப்பிப்பான். புறநானூற்றிலும் இச்செய்தி உண்டு. வகுப்பில் இத்துறையைக் கேட்டபோது, புலவர் மிகைப்படக் கூறினர் என எண்ணினேன். வென்ற பின் நல்லதொரு கோட்டையைத் தான் ஆளாது எவனேனும் அழிப்பனோ? அழிப்பான் என்பதற்குத் தேவனாம்பட்டினம் சான்று. காத்து நிற்கப் படையில்லையேல், பகைவன் மீண்டும் வந்து புகாதபடி அதனை இல்லாமற் செய்வதே வென்றவனுக்கு எளிது. சினமும் உண்டு, கணக்கும் உண்டு.

அவ்வேர் திரும்பவும் ஓடிற்று. 1761-ஆம் ஆண்டு ஜனவரி மாத நடுவில் கூட்டின் முற்றுகையால் புதுச்சேரி பணிந்தது. மதில் உடைந்ததால் அன்று, உணவு அற்றதால். அவ்வாண்டின் முதல்நாளில் வீசிய பெரும்புயல் ஆங்கிலக் கப்பல்களைச் சிதறடித்தும் நகரத்தாரின் பசி தீரவில்லை. ஆனந்தரங்கப்பிள்ளை நகர் வீழ்வதற்குச் சில நாள் முன்னரே உயிர் நீத்தனர். தாம் கால் நூற்றாண்டு எழுதிய நகரத்தின் அழிவை அவர் எழுத நேரவில்லை. கூட்டும் ஆங்கிலேயரும் புதுச்சேரியின் மதிலையும் மாளிகையையும் தரைமட்டமாக்கினர். லாலி தேவனாம்பட்டினத்துக்குச் செய்ததற்கு அது பதில். லாலியோ பிரான்சுக்குத் திரும்பி, அரசத்துரோகக் குற்றஞ் சாட்டப்பெற்று, 1766-இல் தலை வெட்டப்பட்டனர்.

ஆகவே எம் கணக்கில் ஒரு புதிர் எழுந்தது. மிகுதியாகக் குண்டடிபட்ட கோட்டை எது? சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டை. 1758 டிசம்பர் முதல் 1759 பிப்பிரவரி வரை லாலி அதனை இரு திங்களுக்கு மேலாக முற்றுகையிட்டுச் சுட்டனர். ஆங்கிலக் கப்பல்கள் வந்து சேரவே முற்றுகையை விட்டுச் சென்றனர். அக்கோட்டை இன்று நிமிர்ந்து நிற்கின்றது. நம் மாநிலத் தலைமைச் செயலகம் அதனுள்ளேயே உளது. குண்டுபட்டும் வீழாதது பழுதுபார்க்கப்பெற்றது. எளிதிற் பணிந்தது ஏருழப்பட்டது. தரங்கம்பாடியில் 1620-இல் டேனியர் தொடங்கிய கோட்டையும் பெரும்பாலும் முழுமையாக நிற்கின்றது. அது 1845-இல் ஆங்கிலேயர்க்கு விற்கப்பட்டது. விலைக்கு வாங்கியதை எவரும் வெடிவைத்துத் தகர்ப்பதில்லை. எனவே நம் கரையில் மதில்களை அழித்தது பெரும்பான்மையும் போரன்று. போர் முடிந்த மறுநாள்.

இதற்கு மாறுபட்ட ஒன்றும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. யாழ்ப்பாணக் கோட்டையை யான் நேரிற் கண்டிலேன். படங்களாலும் நூல்களாலும் அறிந்ததே. போர்ச்சுக்கீசியர் தொடங்கி, 1658-இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, ஐந்து கொத்தளமுடையதாக விரித்துக் கட்டியது; கடலிலெடுத்த பவளக்கல்லால் ஆயது. இருநூறாண்டுகளாகப் பழுதின்றி நின்ற அது, 1990-ஆம் ஆண்டு ஜூன் முதல் செப்டம்பர் வரை முற்றுகையுட்பட்டது. உள்ளே இருந்தவர் இலங்கைப் படையினர், வெளியே விடுதலைப்புலிகள். 1706-இல் எழுந்த ஒல்லாந்தர் தேவாலயம் அப்போர்க்காலத்தில் அழிந்துபட்டது. வானிலிருந்து குண்டு விழும் காலத்தில் மதிலின் தடிப்பு யாரைக் காக்கும்? அங்கே பீரங்கியின் வடுவும், வென்றவர் இடித்த வடுவும், கடப்பாரையின் வடுவும் ஒன்றன்மேல் ஒன்றாக இருத்தலின், யாம் ஆலம்பரையிற் கற்ற பாடம் அங்கே எளிதிற் செல்லாது. 2009-இல் போர் ஓய்ந்தபின் நெதர்லாந்து அரசின் உதவியோடு மதில் செப்பனிடப்பட்டு வந்தது.

இனி ஆரணிக்கு மீள்வேன். விடுமுறை முடிய இரண்டு நாள் இருந்தது. இல்லம் சென்று, கூடத்தில் அமர்ந்து குறிப்பேட்டைத் துப்புரவாகப் பெயர்த்தெழுதிக்கொண்டிருந்தேன். என் ஆயா அருகே அமர்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தவர், என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். ஆலம்பரையின் அடுப்படிச் செங்கற்களைப் பற்றிச் சொன்னேன். சிறிது கடுமையாகவே சொன்னேன் என நினைக்கின்றேன்; வரலாற்றைச் சமையலுக்குப் பயன்படுத்தினர் என்பது போல. அவர் கதிரை நிறுத்தாமலே, "நம்ம தறிக்குழியில எறங்குற படிக்கல்லு எங்கேருந்து வந்ததுன்னு நெனைச்சே?" என்றார்.

யான் விழித்தேன்.

"கோட்டைக் கல்லுடா அது. உங்க தாத்தாவோட அப்பாரு வண்டி கட்டிக்கினு போயி ஏத்தியாந்தாரு. ரெண்டு கல்லு. ஒண்ணு குழியில, ஒண்ணு பின்கட்டுல."

"யாரையாவது கேட்டுத்தான் எடுத்தாரா, ஆயா?"

"கேக்கறதுக்கு அங்க யாரு இருந்தாங்க? கூழுக்கு வழியில்லாத காலம். குழி சரிஞ்சு தறி நின்னு போச்சு."

உழிஞைத் திணையில் மதிலைக் கொள்வோனுக்குத் துறை உண்டு. நொச்சியிற் காப்போனுக்குத் துறை உண்டு. இடித்து உழுவோனுக்கும் உண்டு. விழுந்து கிடந்த கல்லை எடுத்துச் சென்று தறிக்குழிக்குப் படியிட்டவனுக்குத் துறை வகுத்தார் இல்லை. எம் ஆசிரியரிடம் இதனைக் கூறியபோது அவர் சிரித்து, எழுது என்றார். அதனால் இக்கட்டுரை எழுந்தது. அவர் வினாக்களுள் முதலிரண்டுக்கும் விடை இன்னும் கூறவில்லை. மேட்டையும் பள்ளத்தையும் அடுத்த விடுமுறையில் நாடா கொண்டு அளப்பதாக ஒப்புக்கொண்டுள்ளேன். மூன்றாம் வினாவுக்கு ஒரு பகுதி விடை மட்டும் என்னிடம் உளது.

அன்றே அளந்தேன். நீளம் ஒரு முழமும் நான்கு விரலும், அகலம் ஒரு சாண், ஒரு முகத்தில் உளி கொத்திய வரிகள் சாய்வாக ஓடுகின்றன, மறுமுகம் மழுமழுப்பானது. நடுவே சற்றுக் குழிந்திருக்கின்றது. என் தந்தையார் நாள்தோறும் விடியலில் அதன்மேல் இடக்காலை வைத்துத்தான் தறிக்குழியில் இறங்குகின்றார்.